பதினோரு குறை உள்ள வீடு

குளியலறைச் சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, நடுவிரல் கணுவால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகிறார் வசந்த்குமார். மூன்றாவது வரிசையில் ஏழாவது டைலில் சத்தம் மாறுகிறது. உடனே அவர் முகம் மலர்ந்துவிடுகிறது. "இங்க பாருங்ணா, உள்ளுக்குள்ள காத்து நிக்குது. சிமெண்டு சரியாப் புடிக்கலீங்க" என்கிறார் என்னிடம். வீட்டின் சொந்தக்காரர் எங்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த மலர்ச்சியைப் புரிந்துகொள்ள மொழி எதற்கு? புரிந்துகொண்டதில் அவர் முகம் சுண்டிப்போகிறது.

ஜெர்மனியில், எர்லாங்கனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒன்றரை வருடமாக இப்படித்தான் நாங்கள் வீடு பார்க்கிறோம். நான் கூடப் போவதற்குக் காரணம், என்னிடம் கார் இருக்கிறது; வசந்த்குமாரிடம் சைக்கிள்தான். சனிக்கிழமை காலையில் போட்டது போட்டபடி கிளம்பக்கூடிய ஒண்டிக்கட்டை நான் என்பதும் ஒரு காரணம். திரும்பி வந்ததும் அவர் மனைவி பிருந்தா செய்யும் அரிசிம்பருப்புச் சாதத்தைக் காரணமாகச் சொன்னால் மரியாதையாக இருக்காது. உண்மை என்னவோ அதுதான்.

வசந்த்குமாருக்கு நாற்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு, முன்பக்கம் கொஞ்சம் வழுக்கை. வீடு பார்க்கப் போகும்போது தோளில் ஒரு பை தொங்கும். அதில் டார்ச் விளக்கு, சுவரின் ஈரத்தை அளக்கும் கருவி, அலமாரிகளின் பின்பக்கத்தைப் பார்க்கப் பல் மருத்துவர் வைத்திருப்பது மாதிரி ஒரு கண்ணாடி, தரை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பேரிங் குண்டு எல்லாம் இருக்கும். கூடத்தின் நடுவில் குந்தி உட்கார்ந்து குண்டை உருட்டி விட்டுவிட்டு, அது போகிற திசையிலேயே தவழ்ந்து போவார். ஒரு வீட்டில் குண்டு சோபாவுக்கு அடியில் போய், அங்கே படுத்திருந்த நாய் அதை விழுங்கப் பார்த்துப் பெரிய களேபரமாகிவிட்டது.

அவர் செய்கிற உத்தியோகமும் இதற்கு ஏற்றதுதான். ஆஸ்பத்திரிகளுக்கு ஸ்கேன் இயந்திரங்கள் செய்யும் பெரிய நிறுவனத்தில், இயந்திரம் வெளியே போவதற்கு முன்னால் அதில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கும் வேலை. கோளாறே இல்லை என்று எழுதிக் கொடுத்த அன்று அவருக்குத் தூக்கம் வராது என்று பிருந்தா சொல்வார். வீட்டிலும் அப்படியே. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் பிருந்தாவின் ரசத்துக்கு அவர் கொடுத்திருக்கும் அதிகபட்சப் பாராட்டு, "உப்பு ஒரு கல்லு கம்மி, மத்தபடி பரவால்ல அம்மிணி" என்பதுதான்.

ஆனால் வீட்டைக் குறை சொல்வது உத்தியோகப் பழக்கம் மட்டுமல்ல. அது அவர்கள் குடும்பத்து வியாபாரப் பாடம். குமாரபாளையத்தில் அவருடைய அப்பா பழைய விசைத்தறிகளை வாங்கி விற்றவர். வாங்க நினைக்கிற தறியைத்தான் அதிகம் திட்ட வேண்டும், வேண்டாத தறியைத் தாராளமாகப் புகழலாம் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். "புடிச்சிருக்குதுன்னு மொகத்துல தெரிஞ்சாப் போதுமுங்ணா, அங்கயே பத்தாயிரம் போச்சு" என்பார் வசந்த்குமார். ஆகவே ஒரு வீட்டை அவர் எவ்வளவு கடுமையாகத் திட்டுகிறாரோ அவ்வளவு பிடித்திருக்கிறது என்று நாம் கணக்கு வைத்துக்கொள்ளலாம். நமக்குத் தெரிந்த இந்தக் கணக்கு ஜெர்மன்காரருக்குத் தெரியாது என்பதுதான் வினை.

இங்கே ஒரு வீட்டுக்கு இருபது பேர் வருகிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. யாருக்குக் கொடுப்பது என்று விற்கிறவர் பார்த்து முடிவு செய்கிறார். அப்படிப்பட்ட இடத்தில் போய், தன் கையால் கூரை வேய்ந்த மனிதரிடம், "இந்தக் கூரையில போற சூட்டுக்குத் தெருவுக்கே குளிர் அடிக்காதுங்க" என்கிற பொருளில் ஜெர்மனில் சொன்னார் வசந்த்குமார். அந்த மனிதர் அமைதியாகக் கதவைத் திறந்து வழி காட்டினார். படியிறங்கும்போது, "இப்ப யோசிப்பாருங்க, திங்கக்கிழமை விலையைக் கொறச்சுக் கூப்புடுவாரு" என்று வசந்த்குமார் என்னிடம் அடித்துச் சொன்னார். திங்கட்கிழமை அந்த வீடு வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த வீடும் அப்படியே. டைல்ஸில் காற்று நின்ற வீடு மூன்றாவது.

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். வீடும் இல்லை என்று பிருந்தா அதில் சேர்த்துக்கொண்டார்.

அதற்குள் இன்னொரு இடி விழுந்தது. அவர்கள் பதினோரு வருடமாக வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர், தன் மகனுக்கு வீடு தேவைப்படுவதால் செப்டம்பர் முடிவில் காலி செய்து தரும்படி முறைப்படி கடிதம் அனுப்பிவிட்டார். சட்டப்படி சரிதான், குறை சொல்ல முடியாது. வசந்த்குமார் அந்தக் கடிதத்தையும் நான்கு தடவை படித்து, தேதி போட்ட இடத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார் என்பது வேறு விஷயம். பிருந்தாவுக்கு இன்னொரு வாடகை வீட்டுக்குப் போக மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை மாவரைத்தால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் மேலே இடிக்கிறார். சுவரில் ஓர் ஆணி அடிக்க அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. மகள் நிவேதிதா வரைந்த படங்களெல்லாம் இன்றுவரை அலமாரிக் கதவில்தான் ஒட்டப்பட்டிருக்கின்றன.

இந்த நிலைமையில்தான் ஃபோர்ஹைமில் ஒரு வீடு வந்தது. எர்லாங்கனுக்கு வடக்கே, ரயிலில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். வேலை இங்கே, வீடு அங்கே என்று வாழ்கிறவர்கள் நிறைந்த ஊர். வரிசை வீடுகளில் கடைசி வீடு, பின்பக்கம் கையகலத் தோட்டம். விளம்பரத்தைப் பார்த்த மறுநாளிலிருந்து வசந்த்குமார் அங்கிருந்து வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஆமாம், குடிபோவதற்கு முன்பே. காலையில் எர்லாங்கனில் ரயிலேறி ஃபோர்ஹைமில் இறங்குவார். பிளாட்பாரத்தில் கால் மணி நேரம் நின்றுவிட்டு, அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து ரயிலேறி மறுபடி எர்லாங்கனிலேயே வந்து இறங்குவார். எந்தப் பெட்டியில் இடம் கிடைக்கிறது, எத்தனை நாள் தாமதம் என்று எல்லாவற்றையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். எட்டாவது நாள், தினமும் அதே பெட்டியில் ஏறும் ஓர் அம்மாள் ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவரா என்று கேட்டாராம். இன்னும் இல்லை, ஊர் சரிப்படுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று இவர் பதில் சொன்னாராம்.

வீடு பார்க்கப் போகும் சனிக்கிழமை காலையில் பிருந்தா அந்தப் பையைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. மெதுவாகத்தான் சொன்னார்: "ஏனுங்க, இந்த வீட்டுலயும் நீங்க வாயைத் தொறந்தீங்கன்னா, இனி நான் எந்த வீட்டையும் பாக்க வரமாட்டனுங்க." வசந்த்குமார் வெறுங்கையோடு காரில் ஏறினார். வழி முழுக்க வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வீட்டுக்காரியின் பெயர் டிஸ்லர். எழுபத்தெட்டு வயது. தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவர்; இன்னமும் எதிரில் நிற்பவரைக் கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்க்கிறார். முழங்கால் ஒத்துழைக்காததால், தங்கை இருக்கும் ஊரில் லிஃப்ட் வைத்த வீடாகப் பார்த்துப் போகிறாராம். அவர் முன்னால் நடந்து வீட்டைக் காட்டினார். வசந்த்குமார் இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு பின்னால் போனார். வெளியே எடுத்தால் எதையாவது தட்டிவிடுவார் என்ற பயம். ஒவ்வோர் அறையிலும் ஓரிடத்தில் நின்று, மூச்சை இழுத்து, அப்படியே விழுங்கிக்கொண்டு நகர்ந்தார். பிருந்தா மட்டும் ஒவ்வொன்றையும் "ரொம்ப அழகு, ரொம்ப அழகு" என்று ஜெர்மனில் சொல்லிக்கொண்டே வந்தார். நிலவறைக்குப் போனதும் அவர் அழகு என்று சொல்லவில்லை. சுவரிலிருந்த பிளக் பாயிண்டையும் அதற்குக் கீழே இருந்த காலி இடத்தையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அங்கே கிரைண்டர் ஓடுவது எனக்கே கேட்டது.

சுற்றிப் பார்த்து முடிந்ததும் சமையலறை மேசையில் எங்களை உட்காரவைத்து, அந்த அம்மாள் பிளம்ஸ் பழம் வைத்துத் தானே சுட்ட கேக்கைக் கொண்டுவந்தார். எல்லோர் முன்னாலும் ஒரு தட்டு. வசந்த்குமார் வேண்டாம், நன்றி என்றார். பேச்சு முடியாத இடத்தில் கை நனைக்கக் கூடாது என்பது நம் ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்களுக்குக்கூடத் தெரிந்த விதி. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும்; அதற்குப் பிறகு எதையும் பேச முடியாது. இவையெல்லாம் டிஸ்லர் அம்மாளுக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேக் கத்தியைக் கீழே வைத்தார். நான் மாப்பிள்ளையும் இல்லை, சம்பந்தியும் இல்லை, வெறும் டிரைவர். எனக்குத் தடை ஏது? சாப்பிட்டேன். பிரமாதமாக இருந்தது.

பிறகு டிஸ்லர் அம்மாள் விஷயத்துக்கு வந்தார். ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் வந்து எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டுப் போயிருக்கின்றனவாம். இந்தப் பெண்ணும் புகழ்ந்துவிட்டாள். நாற்பத்தொரு வருடம் தான் குடியிருந்த வீடு இது. அவ்வளவு புகழுக்கு இதில் ஒன்றும் இல்லை என்று தனக்குத் தெரியும் என்றார். திட்டவில்லை என்றால் அதுவே பாராட்டு என்பது அந்தப் பக்கத்து ஜனங்களின் சொலவடை. அதிகம் புகழ்கிறவனைக் கண்டால் அவர்களுக்கு நம்பிக்கை வருவதில்லை. பிறகு அவர் வசந்த்குமார் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என்ன குறை கண்டீர்கள்?"

வசந்த்குமார் பிருந்தாவைப் பார்த்தார். பிருந்தா என்னைப் பார்த்தார். நான் கேக்கைப் பார்த்தேன். கடைசியில் பிருந்தாதான் பல்லைக் கடித்துக்கொண்டு, "கேக்கறாங்கல்ல, சொல்லித் தொலைங்க" என்றார்.

மடை திறந்தது. பையும் இல்லை, கருவியும் இல்லை. வெறும் கண்ணால் பார்த்ததை வைத்தே பதினோரு குறைகள் சொன்னார். மாடிப்படியில் நான்காவது படி ஆடுகிறது. வடக்கு அறை ஜன்னலில் ரப்பர் காய்ந்துவிட்டது. ஹீட்டருக்கு இருபத்தைந்து வயதாகியிருக்கும். தோட்டத்துக் கதவு உரசுகிறது. அவருடைய ஜெர்மனில் வாக்கியங்கள் முன்னும் பின்னுமாக வந்தன. குறைகள் மட்டும் வரிசை தவறாமல் வந்தன. நான்காவது வீடும் போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். டிஸ்லர் அம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டார். முடிந்ததும், காற்றோடு மழை அடித்தால் நிலவறை ஜன்னல் வழியாகத் தண்ணீர் வரும், அதை விட்டுவிட்டீர்களே என்றார்.

வசந்த்குமாருக்கு முகம் தொங்கிவிட்டது. "பை இருந்திருந்தாப் புடிச்சிருப்பனுங்ணா" என்று என் காதில் முணுமுணுத்தார்.

"சரி. பன்னிரண்டு குறை. இவ்வளவும் தெரிந்த பிறகு கேட்கிறேன், உங்களுக்கு இந்த வீடு பிடித்திருக்கிறதா? அந்த இரண்டு குடும்பங்களுக்கும் நாளைக்கு நான் பதில் சொல்ல வேண்டும்" என்றார் டிஸ்லர் அம்மாள்.

பிருந்தா அவசரமாக வாயைத் திறந்தார். அந்த அம்மாள் உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிட்டார். கவுண்டரில் வரிசை மீறி வருகிறவரை நிறுத்துவது மாதிரிதான் இருந்தது.

அந்தச் சமையலறையில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்கும் பிருந்தாவுக்கும் தெரியும். பன்னிரண்டு குறைகளும் மேசைமேல் கிடக்கின்றன. அதில் ஒன்றை விற்பவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். குமாரபாளையத்துக் கணக்குப்படி விலையைப் பேச இதைவிட நல்ல நேரம் வராது. பிருந்தா மேசை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். வசந்த்குமாரின் வாய் திறந்தது. ஒரு தொகை வரப்போகிறது என்று நான் பயந்தேன். தொகை வரவில்லை. வாயை மூடினார். மறுபடி திறந்தார். பிடித்திருக்கிறது என்கிற சொல் ஜெர்மனிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

ஜாக்கெட் பைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்தார். தன் முன்னால் காலியாக இருந்த தட்டைத் தூக்கி, மேசைக்கு மேலாக அந்த அம்மாளை நோக்கி நீட்டினார்.