திர்மிஸ் வாத்துக்குஞ்சின் முதல் குரல்

ஃபிக்ரிக்கு வாய் குறைவு, காது அதிகம். கெய்ரோவில், அதுவும் ஷுப்ராவில் பிறந்தவனுக்கு இதைவிடப் பெரிய தொல்லை வேண்டாம். காய்கறி வண்டிக்காரனின் ஒலிபெருக்கி, மேல்வீட்டுச் சண்டை, தெருமுனை ஹாரன் எல்லாம் அவனை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போகும். செய்த வேலையும் அதற்கேற்றதுதான். ஒரு சின்ன கார்ட்டூன் கம்பெனியில் ஒலிப்பதிவாளன். நடிகர்களின் பேச்சிலிருந்து இருமலையும் நாற்காலிச் சத்தத்தையும் பொறுக்கி எடுத்துப் போடுவதிலேயே பாதி ஆயுசு கழிந்துவிட்டது. கல்யாணம் தாமதம், குழந்தை அதைவிடத் தாமதம். லமார் பிறந்தபோது மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

லமாருக்கு ஐந்து வயதாகும்போது கம்பெனிக்கு ஒரு பெரிய வேலை வந்தது. மொட்டை மாடியில் புறாக்களோடு வளரும் திர்மிஸ் என்ற மஞ்சள் வாத்துக்குஞ்சின் படப் புத்தகம் ஒன்று அங்கே பிரபலம். குழந்தை இருக்கிற வீட்டில் அது கிழியாமல் இருந்ததே கிடையாது. அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்க வேண்டும். இந்தத் தொழிலில் படத்தை வரைந்துவிட்டுக் குரல் சேர்ப்பதில்லை. முதலில் யாராவது ஒருவர் ஒப்புக்கு வசனத்தைப் பேசிக் கொடுப்பார்கள், அதைக் கேட்டு ஓவியர்கள் வாயசைவை வரைவார்கள். அப்புறம் நிஜ நடிகை வந்து அந்த அசைவுக்குப் பேசுவாள். ஒப்புக்குப் பேசிய குரல் குப்பைக்குப் போகும்.

திர்மிஸுக்காக ஒப்புக்குப் பேச ஃபிக்ரி தன் மகளையே கூட்டிப் போனான். புத்தகம்தான் அவளுக்கு மனப்பாடமாயிற்றே. எதையாவது கேட்பதற்கு முன்னால் ஒரு வாய் காற்றை முழுங்குவது லமாரின் வழக்கம். முழுங்கிவிட்டுத்தான் “ஏன்?” என்பாள். ஓவியர்கள் அதில் மயங்கி, ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் வாத்தின் அலகு ஒருமுறை திறந்து மூடுவதாக வரைந்துவிட்டார்கள்.

உன் குரல் டிவியில் வராதம்மா என்று ஃபிக்ரி அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். அவள் சும்மா இருப்பாளா? கட்டடத்தில் ஐந்து மாடியும் ஏறி இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினாள்.

“நான்தான் திர்மிஸ். டிவியில வருவேன். எல்லாரும் பாக்கணும், சரியா?”

ரொட்டிக் கடைக்காரர்கூடச் சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, ஒரு ரொட்டியைச் சும்மா கொடுத்தனுப்பினார்.

குளிர்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு மூளைக்காய்ச்சல் என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் லமாரைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். இதை நீட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை.

சாவு வீட்டு முறைப்படி சர்க்கரை இல்லாத காப்பி. டிவி கிடையாது. நாற்பதாம் நாள் கழியும்வரை அதைத் தொடக்கூடாது. லமாரின் அம்மா நஜாத் தன் கையாலேயே டிவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

வேலைக்குத் திரும்பிய ஃபிக்ரிக்கு முன்னால் அந்த வேலையே உட்கார்ந்திருந்தது. நடிகை வந்து பேசப் பேச, மகளின் குரலை அவனே ஒவ்வொரு வரியாக எடுத்துவிட வேண்டும். நடிகை நல்லவள், கெட்டிக்காரி. அவளுக்கு ஒன்றுதான் புரியவில்லை, பேச்சே இல்லாத இடத்தில் வாத்து ஏன் வாயைத் திறக்கிறது? “அங்க ஒரு மூச்சு வரும் மேடம்” என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போய்விட்டான்.

வெளியே போனவன் நேராக இயக்குநர் மிர்வத்தின் அறைக்குள் நுழைந்தான். அந்தக் கம்பெனியில் அவன் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

“முதல் பகுதி மட்டும் மேடம். அதுல அவ குரல் அப்படியே இருக்கட்டும். ஊரெல்லாம் சொல்லி வெச்சுட்டா.”

மிர்வத் சேனல்காரர்களோடு மல்லுக்கட்டினாள். ஒரே ஒரு தடவைதான், மறு ஒளிபரப்பில் நடிகையின் குரல்தான் வரும் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் குறித்த தேதி நாற்பதுக்குள் விழுந்தது. தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தான், நடக்கவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் கார்ட்டூன் போடு என்று எந்த வாயால் சொல்வது? ஃபிக்ரி வேறு வழி கண்டுபிடித்தான். அவர்கள் கட்டடத்தின் நடுவில் காற்றுக்காக விட்ட இடைவெளி ஒன்று உண்டு. எல்லாச் சமையலறை ஜன்னல்களும் அதில்தான் திறக்கும். தொடர் வரும் நேரத்தில் ஐந்து மாடியிலும் பிள்ளைகள் அந்தச் சேனலைத்தான் அலற விடுவார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், நஜாத்தின் காதில் மகள் தானாக வந்து விழுவாள். முறையையும் மீறியதாகாது.

அன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் வந்து ஜன்னலைத் திறந்தான். நஜாத் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தொடர் ஆரம்பிக்கும் நேரமாயிற்று. கீழே எங்கோ யார் கன்னத்திலோ ஒரு அறை விழுந்த சத்தம், ஒரு குழந்தையின் அழுகை, ஒரு கதவு சாத்தப்பட்ட சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. ஃபிக்ரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அந்தக் கட்டடம் அவ்வளவு அமைதியாக இருந்து அவன் கண்டதில்லை. தங்கள் துக்கத்துக்காக எல்லாரும் டிவியை அணைத்து வைத்திருக்கிறார்கள் என்பது மெல்லத்தான் அவனுக்கு உறைத்தது.

ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று நஜாத் கேட்டாள். சொன்னான். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கை பருப்பிலேயே நின்றுவிட்டது.

“இப்பவா?”

“இப்ப முடிஞ்சிருக்கும்.”

“நம்ம ஆளுங்க ஒருத்தர்கூடவா பாக்கல?”

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். போனை எடுத்து, இதில் இருக்கிறது, போடவா என்றான். அவள் அவன் கையைத் தள்ளிவிட்டாள்.

“எனக்கு அவ குரல் தெரியாதா? இதுக்கா அவ வீடு வீடா ஏறி எறங்கினா?”

இருவரும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார்கள். அடக்கம் செய்த அன்றுகூட ஃபிக்ரி அப்படி அழவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் கதவு தட்டப்பட்டது. இரண்டாம் மாடி உம்மு ரஹ்மா, திராட்சை இலையில் சோறு மடித்து ஒரு தட்டு கொண்டு வந்திருந்தாள். அவள் மகள் ரஹ்மா லமாரோடு விளையாடித் திரிந்தவள்.

“மிச்ச ஆயுசு உங்களுக்குச் சேரட்டும்” என்று துக்கம் கேட்கும் முறைப்படி சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நாப்பது முடியற வரைக்கும் இந்தக் கட்டடத்துல டிவி சத்தம் வராது, நஜாத். நாங்க எல்லாரும் பேசி வெச்சிருக்கோம். எங்க ரஹ்மாதான் இன்னிக்குப் போட்டே ஆகணும்னு அடம். ‘லமார் வருவா, பாக்கறேன்னு சொல்லியிருக்கேன்’னு என்னென்னமோ பொய் சொன்னா. ஒரு அறை விட்டேன்.”

நஜாத் தட்டை வாங்கிக்கொண்டாள். ஃபிக்ரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உங்க நல்ல மனசு யாருக்கு வரும், உம்மு ரஹ்மா” என்றாள் நஜாத். “அந்தப் பிள்ளைய மட்டும் அடிக்காதீங்க.”