மூன்று மிஸ்கோல்

படிக்கிற காலத்தில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. எதைச் செய்தாலும் "இன்னொரு தடவை" என்பேன். பதுளையில் ஊடக வகுப்பில் சேர்ந்தபோது, கைத்தொலைபேசி பற்றி ஐந்து நிமிட விவரணப் படம் எடுத்து வரச் சொன்னார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குள் அப்போதுதான் போன் வரத் தொடங்கியிருந்தது. என் வியாதிக்கு நல்ல தீனி கிடைத்தது.

என்னோடு படித்த தோழிக்குத் தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டம். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அவர்கள் லயத்தில், அடுத்த வீட்டில், கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா இருந்தார். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன மகள் அவருக்கு ஒரு போன் வாங்கி அனுப்பியிருந்தாள். அவரையே பேட்டி எடுப்பது என்று முடிவு செய்து, பஸ்ஸில் போகும்போதே பன்னிரண்டு கேள்விகள் எழுதினோம். கல்யாண வீடியோ எடுக்கும் தோழியின் மாமா கமராவை இரவல் தந்தார்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்த அந்த அம்மா, கமராவைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். கூறைச் சேலை உடுத்தி, பவுடர் அப்பி வந்து, ஸ்டூடியோவில் நிற்பது போல மூச்சு விடாமல் நின்றார். முதல் நான்கு கேள்விக்கும் "ஆமாங்க" என்பதுதான் பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்தாவது கேள்வி மகளைப் பற்றியது. அதற்குத்தான் வாய் திறந்தார்.

"புள்ள வந்து ஒன்றரை வருஷம் ஆச்சுங்க. தீபாவளிக்கும் அந்த வீட்டுக்கார நோனா லீவு குடுக்கல. போன்ல கொரல் கேக்குது. ஆனா மூஞ்சியப் பாத்தாத்தான மனசு ஆறும்?"

லயத்தில் சிக்னல் கிடையாது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லில் ஏறினால்தான் கிடைக்கும். அங்கே ஏறி மகளுக்கு மிஸ்கோல் கொடுப்பாராம். ஒன்று என்றால் நல்ல சுகம். இரண்டு என்றால் அனுப்பிய சாமான் கிடைத்தது. மூன்று என்றால் உடனே புறப்பட்டு வா. மூன்று இதுவரை கொடுத்ததே இல்லை என்றார்.

அதைச் செய்து காட்டச் சொல்லிக் கல்லுக்குக் கூட்டிப்போனோம். முதல் தடவை கமராவில் அவர் தலை வெட்டுப்பட்டது. "இன்னொரு தடவைம்மா" என்றேன். இரண்டாவது தடவை பின்னால் ஒரு நாய் வந்து உட்கார்ந்து சொறிந்தது. மறுபடியும் அடிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை அச்சு அசல் சினிமா. சந்தோஷமாக இறங்கி வந்து தேத்தண்ணீர் குடித்தோம்.

ஞாயிறு காலை லயத்தைப் படமெடுக்கத் திரும்பவும் போனோம். காட்சி ஒத்துப்போக வேண்டும் என்று அதே சேலையை உடுத்தச் சொல்லியிருந்தேன். அந்த அம்மா உள்ளே உடுத்திக்கொண்டிருக்க, வேடிக்கை பார்க்க லயமே வாசலில் திரண்டுவிட்டது. அப்போது இரவு ரயிலில் வந்திறங்கிய ஒரு பெண் தலைவிரி கோலமாக மேலே ஏறி வந்தாள். வாசலில் கூட்டத்தையும் கமராவையும் கண்டாள். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டையும் வீடியோ எடுப்பார்கள். "ஐயோ, என்னப் பெத்த தாயே!" என்று பையை எறிந்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அந்தச் சத்தத்துக்கு அம்மா பவுடர் முகத்தோடு வெளியே ஓடி வந்தார்.

அழுகை நின்றது. ஏச்சு தொடங்கியது. ராத்திரி முழுக்க எடுத்தும் போன் வேலை செய்யவில்லையாம். நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னேன். "படம் எடுக்கிறீங்களா படம்?" என்று அவள் கேட்டபோது நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஆற்றாமையில் அம்மாவிடம் திரும்பினேன்.

"மூணு தடவை அடிச்சா என்னன்னு உங்களுக்குத் தெரியுந்தானேம்மா?"

"நீங்கதான புள்ள, இன்னொருக்கா இன்னொருக்கான்னீங்க" என்றார் அவர், மகளின் தலையைக் கோதியபடி. அந்த முகத்தில் துளி வருத்தமும் இல்லை. எனக்கும் வெட்கத்தை மீறிச் சிரிப்பு வந்தது.

மகள் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "நோனா லேசுல விடுவாங்களா? அம்மா செத்துப்போச்சுன்னு சொல்லித்தான் வந்தேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பிப் போறது?"

"இப்ப யாரு ஒன்னப் போகச் சொன்னா? பதினாறும் முடிச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, அம்மா வீட்டுக்குப் பின்னால் கோழி பிடிக்கப் போனார்.