என் பாதியைச் சொன்ன சேச்சி

மூன்று வருடங்களுக்கு முன்பு, கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கணவருக்கு யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகு குடோனில் வேலை என்பதால், கல்யாணமான கையோடு இங்கே வந்துவிட்டேன்.

எங்கள் பங்குக் கோயிலில் பதினைந்து இருபது வீடுகள் சேர்ந்தால் ஒரு யூனிட். வாரம் ஒரு வீட்டில் கூடி செபமாலை சொல்வோம். அந்த வீட்டுப் பெண்தான் மாலையின் முதல் பத்து மணிகளை நடத்த வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் அவள் ஜெபத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். எனக்கு மலையாளத்தில் ஜெபம் வராது. நான் தமிழில் தொடங்குவேன், அவர்கள் மலையாளத்தில் முடிப்பார்கள். என் குரல் கணீரென்று தெருமுனை வரை கேட்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வருடம் எனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது, கூடவே குரலும் போனது. காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். ஆண்டவருக்கென்று என்னிடம் இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான், அதையே எடுத்துக்கொண்டாரே என்று எனக்குக் கோபம். மனதுக்குள் ஜெபிப்பதைக்கூட விட்டுவிட்டேன். இனி ஜெபமே வராதோ என்ற பயமும் உள்ளூர இருந்தது.

மூன்றாம் மாதம் எங்கள் வீட்டு முறை வந்தது. கணவரிடம்கூடச் சொல்லாமல் ஒரு திட்டம் போட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டு இடப்பள்ளி மாலுக்குப் போய்விடுவது. எங்கள் யூனிட்டில் ஐந்தரை என்றால் ஆறு மணிக்குத்தான் தலை காட்டுவார்கள். அந்தத் தைரியத்தில் ராத்திரிக்காகக் குக்கரில் கொண்டைக்கடலையை வைத்துவிட்டு நிதானமாகப் புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கென்று பார்த்து ஐந்தேகாலுக்கே எல்லோரும் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒட்டி நின்றேன். காலிங் பெல் அடித்தது. செல்போனை முன்பே அணைத்து வைத்திருந்தேன், அவ்வளவு முன்யோசனை. குக்கரை மட்டும் மறந்துவிட்டேன். அது விசில் அடித்தது. ஒன்றல்ல, மூன்று.

 பிறகு அடுத்த வீட்டு சேச்சியின் குரல் ஜன்னல் வழியாக வந்தது.

"மோளே, குக்கரை ஆஃப் ஆக்கு, வெந்தது போதும். அது கழிஞ்சு கதவைத் தொற."

கதவைத் திறந்தேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏன் ஒளிந்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பாயை விரித்து உட்கார்ந்தார்கள். சேச்சி செபமாலையை என் கையில் வைத்தார்.

"எனக்குக் குரல் இல்லையே சேச்சி" என்றேன்.

"உள்ளது மதி, மோளே" என்றார். இருப்பது போதும் என்று அர்த்தம்.

முதல் இரண்டு மணிகளை எப்படியோ ஒப்பேற்றினேன். மூன்றாவதில் பாதி வழியிலேயே குரல் அடைத்துவிட்டது. செபமாலையை வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். சேச்சி நான் நிறுத்திய இடத்திலிருந்து என் பாதியைச் சொல்லி முடித்தார், தமிழிலேயே. வருடக்கணக்காக என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே அவருக்கு மனப்பாடமாகியிருக்கிறது. மற்றவர்கள் வழக்கம்போல் மலையாளத்தில் பின்பாதியைச் சொன்னார்கள்.

அடுத்த மணிக்கு மறுபடியும் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் இரண்டு வார்த்தை சொன்னேன், மிச்சத்தை சேச்சி சொன்னார். இப்படியே பத்து மணிகளும். ஒவ்வொரு தடவையும் நான் தொடங்கும் வரை யாரும் வாய் திறக்கவில்லை. முடிக்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நிஜமாக ஜெபித்தேன். கடலையைத் தாளித்து எல்லோருக்கும் கொடுத்தேன், குழைந்துதான் போயிருந்தது.

குரல் இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை. எங்கள் வீட்டு முறை வரும்போது இப்போதும் நான்தான் தொடங்குகிறேன். என்னால் முடியாத மிச்சத்தை ஆண்டவர் என் பக்கத்தில் இருக்கும் யார் வாயிலாவது வைத்திருப்பார் என்ற இந்த நம்பிக்கை, குரல் கணீரென்று இருந்த காலத்தில் எனக்கு இருந்ததில்லை.