கடைசிப் பிடியில் இழுபட்ட கயிறு

றிஸ்கான் கிண்ணியாக்காரர். வயது முப்பத்தொன்று. துறைமுகத்தில் கப்பல்களின் பக்கவாட்டில் தொங்கியபடி துருச் சுரண்டுவது தொழில். குச்சவெளிக்கு மேற்கே, தலைக்கு மேல் கவிந்து நிற்கும் ஒரு பாறையை இரண்டு வருடங்களாக ஏறப் பார்க்கிறார். அதில் வளைய ஆணிகளை அடித்தவரும் அவரே. இன்னும் ஒருவரும் அதை ஏறி முடித்ததில்லை. கயிறு, விழுந்தால் தாங்க மட்டும். அது ஒருமுறை ஆளைத் தூக்கிவிட்டாலும் ஏறியது செல்லாது. நாளை கத்தாருக்கு விமானம். இன்று காலைதான் மிச்சம்.

கீழே கயிறு பிடித்தவர் அவருடைய கூட்டாளி, இறக்கக்கண்டி நௌபர்; கைத்தூண்டில் போடுகிறவர். நான் பக்கத்தில் நின்றேன்.

கடைசிப் பிடி, இரண்டு விரல் நுனி மட்டும் கொள்ளும் வெடிப்பு. தாவித்தான் எட்ட வேண்டும். றிஸ்கான் தாவினார். உடம்பு வெளியே வீசி, திரும்பி வந்து ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் கயிறு உச்சி வளையத்தில் இருந்தது. நான் கத்தினேன். நௌபர் கத்தவில்லை.

இறங்கியவர் முடிச்சை அவிழ்க்காமலே கேட்டார்.

"மச்சான், இழுத்தியா?"

நௌபர் கயிற்றைப் பார்த்தார். "ஓம். கயிறு துடிச்ச உடனே கை தன்ட பாட்டுக்கு இழுத்திட்டு. கலவாய் மீன் கடிச்சா, கல்லுக்குள்ள நுழைய முந்தி இழுக்கிற கைடா இது."

"நான் என்ன கலவாயா?"

"நிறையில அப்படித்தான்."

றிஸ்கான் சிரிக்கவில்லை.

"ஆருக்குடா தெரியப் போகுது?" என்றார் நௌபர்.

"எனக்குத் தெரியுமே. இன்னொருக்கா ஏறுறன்."

"அப்ப வேற ஆளப் பாரு. எனக்கு ஏலாது."

"வேற ஆள் எங்க? நீதான்."

ஒரு மணி நேரம் இருந்தார்கள். றிஸ்கானின் நடுவிரலில் தோல் கிழிந்து சிவந்திருந்தது. வெயில் பாறையின் அடியைத் தொட்டுவிட்டது. அது மேலே பிடிகள் வரை ஏறிவிட்டால் கை வியர்த்து வழுக்கும்.

நௌபர் கயிற்றை எடுத்தார். றிஸ்கான் மீண்டும் ஏறினார். மீண்டும் அந்தத் தாவல். கயிறு துடித்தது. நௌபரின் விரல்கள் வெளுத்தன, முழங்கை அசையவில்லை. மேலே ஒரு கை கழன்றது. இரண்டு விரலில் ஓர் ஆள் தொங்கினார். கயிறு தொய்ந்தே கிடந்தது. கால் மெல்ல, மிக மெல்லப் பாறையைத் தேடிப் பிடித்தது.

உச்சி வளையத்தில் கயிற்றைப் போட்ட பிறகும் அவர் சத்தமிடவில்லை. நெற்றியைப் பாறையில் வைத்தபடி கேட்டார்.

"டேய், இழுத்தியா?"

"இல்லடா!" நௌபர் கத்தினார். "அல்லா மேல சத்தியமா இல்ல. கெதியா இறங்கு, எனக்கு நிக்க ஏலாது."