பெயர் வரும் முன்னே நின்றுபோன படம்

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் எடுத்துப் புழங்குவதில்லை. மிக்ஸிக்கு வைத்தேன். மகன் காலேஜ் போனபோது வாங்கிய கம்ப்யூட்டருக்கு வைத்தேன். வீட்டை ஒட்டினாற்போல் இருக்கும் பட்டறையில் என் வீட்டுக்காரரின் லேத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் இன்றைக்கும் வைக்கிறேன். நாங்கள் இருக்கும் கணபதிப் பேட்டையில், எங்கள் தெருவில் பாதி வீடுகள் பட்டறைதான். இரும்போடு பிழைக்கிறவர்கள் பொட்டு வைக்காத மிஷினை ஓட்ட மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில், என் மகன் அனுப்பிய சினிமா டிவிடிக்கும் பொட்டு வைத்துவிட்டேன்.

அவன் எங்களுக்கு ஒரே பிள்ளை. மெக்கானிக்கல் படித்தான். படிப்பு முடிந்ததும் பட்டறைக்கு வருவான் என்று இவர் இரண்டாவது லேத் வாங்கிப் போட்டார். அவனோ சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் படம் போடும் வேலையைக் கற்றுக்கொண்டு, கனடாவுக்குப் போகிறேன் என்றான். "பொம்மை போடறதுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போறானாமா" என்றார் இவர். கிளம்பிய அன்று, பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டுப் பட்டறை வாசலில் வந்து நின்று, "அப்பா, போய்ட்டு வாரேனுங்க" என்றான். இவர் லேத்தை நிறுத்தவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்தான்.

நான்கு வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குப் போன் செய்வான். இவர் பக்கத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சாப்டானான்னு கேளு" என்பார். கேட்பேன். "அப்பா சாப்டாரான்னு கேளும்மா" என்பான் அவன். அதையும் கேட்பேன். போனை நீட்டினால், "கையெல்லாம் கிரீஸு" என்று எழுந்து போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமையில் ஏது கிரீஸ்?

எப்போது வருவாய் என்று நான் கேட்டால் அவனிடம் ஒரே பதில்தான். "இந்தப் படம் முடியட்டும்மா, வாரேன்." ஒரு படம் முடிந்தால் இன்னொன்று தொடங்கிவிடும். மருதமலைக்குப் படியேறும்போதெல்லாம், முருகா, அந்தப் படத்தைச் சீக்கிரம் முடித்துக்கொடு என்றுதான் வேண்டிக்கொள்வேன். என்ன படம் என்று எனக்குத் தெரியாது. முருகனுக்குத் தெரியுமே.

இந்த வருஷம் ஒரு படம் நிஜமாகவே முடிந்து வெளிவந்தது. அவன் வரவில்லை. கூட வேலை செய்கிற பையன் ஒருவன் லீவில் ஊருக்கு வந்தபோது அவனிடம் அந்தப் படத்தின் டிவிடியைக் கொடுத்துவிட்டிருந்தான். போனிலும் சொன்னான்: "படம் முடிஞ்சதும் வேலை செஞ்சவங்க பேரெல்லாம் வரும்மா. எம்பேரும் வரும். தியேட்டர்ல லைட்டப் போட்டு எல்லாத்தையும் வெளிய தள்ளீருவாங்க. டிவிடின்னா நிறுத்தி வெச்சுப் பாக்கலாம். அப்பாவையும் பாக்கச் சொல்லு."

அப்பாவையும் பார்க்கச் சொல்லு. எனக்கு அது போதும். டிவியில் இத்தனை பெரிதாக மகன் பெயரைப் பார்த்தால் இவர் மனசு இளகாதா? ஒரு வார்த்தை நேராகப் பேசமாட்டாரா? நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்துத் தெரியும், கூட்டிப் படிக்க நேரமாகும். பெயர்கள் வேகமாக ஓடும் என்று சொல்லியிருந்தானே என்று, அவன் பழைய மார்க் ஷீட்டைப் பார்த்து அவன் பெயரைக் காலண்டர் தாளின் பின்பக்கம் பத்துத் தடவை எழுதிப் பழகினேன். எங்கே கண்டாலும் பிடித்துவிடலாம் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று பேரை வரச் சொன்னேன். இவருடைய அக்கா, அவருடைய மகள், அப்புறம் கோட்டைமேட்டிலிருந்து ஒரு பாய். அந்தப் பாய் இரும்பு வார்ப்புக்கு மர அச்சு செய்கிறவர், இவருக்கு முப்பது வருஷச் சிநேகிதர். நாலு பேர் முன்னால் பெயர் வரட்டும் என்பதுதான் என் ஆசை.

காலையில் குளித்துவிட்டு டிவிடியைச் சாமி படத்தின் முன்னால் வைத்தேன். டிவிடித் தட்டின் மேல் அந்தச் சினிமா நாயகனின் முகம் அச்சடித்திருந்தது. யாரோ எவரோ, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரோ, அவர் நெற்றியில் நாம் எப்படிப் பொட்டு வைப்பது? திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கண்ணாடி போலப் பளபளவென்று இருந்தது. வெளி ஓரமாகச் சந்தனம் தொட்டு, அதன் நடுவில் துளி குங்குமம் வைத்தேன். காய்ந்ததும் நானே பிளேயருக்குள் வைத்து மூடினேன். பக்திப் பாட்டுக்காக வாங்கிய பழைய பிளேயர் அது.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். காலேஜில் படிக்கும் நாத்தனார் மகள்தான் கதை சொன்னாள்.

"இது முன்கதைங்க அத்தை. முன்னாடியே ஒரு படம் வந்துருச்சு. அதுல இந்தக் கேப்டன் வான்வெளில தனியா மாட்டிச் செத்துப் போயிருவாரு. அதுக்கு முன்னால அவரு எப்படி இருந்தாருன்னு இதுல காட்டறாங்க."

"சாவறவன்னு தெரிஞ்சுபோட்டு, அவன் சிரிக்கறதையும் சோறு திங்கறதையும் ரெண்டு மணி நேரம் பாக்கோணுமா?" என்றார் நாத்தனார். "முடிவு தெரிஞ்ச கதைல என்ன இருக்குது?"

"அம்மா, கொஞ்சம் பேசாம இருக்கீங்களா?"

எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் படத்தில் போய்விட்டவன் இதில் இளவட்டமாக வருகிறான். மணல்காட்டில் ஒரு சின்ன வீடு. அம்மா ஒருத்தி. இவன் நின்றுகொண்டே அவசரமாகச் சாப்பிடுகிறான், அவள் உட்காரச் சொல்கிறாள். பாஷை புரியாவிட்டாலும் அது புரிந்தது. அவனுக்கு என்ன ஆகப்போகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாளுக்குத்தான் தெரியாது. சமயத்தில் நான் டிவியைப் பார்க்காமல் இவரைப் பார்த்தேன். இவர் கையைக் கட்டிக்கொண்டு, வேலை சுத்தமில்லாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் மட்டும் ஒரு இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த வான்வெளிக் கப்பல் கதவப் பாருங்க. போல்ட்டு மரையெல்லாம் அச்சாப் போட்டிருக்கான். பட்டறையப் பாத்து வளந்தவன் கைங்க இது."

இவர் கட்டிய கையை எடுக்காமல் அந்தக் கதவை மட்டும் பார்த்தார்.

கடைசியில் அந்தப் பிள்ளை கப்பலில் ஏறப் போகிறான். வீட்டு வாசலில் நின்று அம்மா கையாட்டுகிறாள். கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. படம் ஓரத்தில் கட்டம் கட்டமாக உடைந்தது. பாட்டும் நின்றுபோனது.



"அவ்வளவுதானா?" என்றார் நாத்தனார். "இதென்ன அம்மணி, அரையுங்கொறையுமா உட்டுப்போட்டானுக?"

"இப்பெல்லாம் இப்படித்தாம்மா முடிப்பாங்க. நம்மளையே யோசிக்க விட்டுருவாங்க" என்றாள் மகள். "ஆனா எனக்குப் புடிக்கலீங்க அத்தை. மொதப் படத்துல அவருக்கு அம்மாவே இல்லைம்பாங்க. இதுல கொண்டாந்து உட்டுட்டாங்க. கதை ஒட்டவே இல்லை."

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அட போம்மா. என்ன முடிவு! தாய் கையாட்டறதோட நிறுத்தினான் பாரு, அவந்தான் படமெடுக்கறவன். தங்கச்சி, தம்பிகிட்டச் சொல்லுங்க, பாய் அழுதுட்டாருன்னு."

"நீங்க எதுக்குத்தான் அழுவல? சாம்பார்ல காரம் பத்தலைன்னாலும் அழுவீங்க" என்றார் நாத்தனார்.

அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். எனக்குக் காபி இறங்கவில்லை. பெயர் வரவில்லையே. அவர்கள் போனபின் இவர் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்:

"பேரு வரும், பேரு வரும்னீயே. எங்க காணம்?"

எனக்கு அந்தச் சொல் சுருக்கென்றது. அவன் பொய் சொல்லியிருக்கிறான் என்று நினைத்துவிட்டார். நாலு வருஷம் கழித்து ஒரு கதவு திறக்கும் என்றிருந்தேன். அது முன்னைவிட இறுக்கமாகச் சாத்திக்கொண்டது. பிளேயரைத் திறந்து தட்டைக் கையில் எடுத்தேன். திருப்பிப் பார்த்ததும் என் சந்தனப் பொட்டு என்னையே பார்த்தது. படத்தைக் கடைசியில் தடுத்தது இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. முந்தானையில் அழுத்தித் துடைத்தேன். சந்தனம் போனது, கீறல் விழுந்தது. மறுபடி போட்டால் கை தூக்கிய இடத்திலேயே நின்றது. மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அந்த அம்மாள் கையைத் தூக்கினாள், இறக்கவில்லை.

என் தப்பை அவன் தலையில் விடுவதா? சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு இவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "ஏனுங்க, அவன் பேரு அதுல இருக்குதுங்க. நாந்தான் பொட்டு வெச்சுக் கெடுத்துப்போட்டேன்."

இவர் தட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன்.

"ஊட்ல ஒரு சாமானத்த உடமாட்டியா நீ? எனக்கு மட்டுந்தான் பொட்டு வெக்கல."

"நீங்க நின்னு குடுத்தா வெக்கறனுங்க."

உதட்டோரத்தில் சிரிப்பு வந்ததுபோல் இருந்தது. தட்டை எடுத்து அலமாரிமேல் வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் பட்டறை விளக்கு எரிந்தது. ஆள்கள் வரும் நேரம் இன்னும் ஆகவில்லை. எட்டிப் பார்த்தேன். இவர் மேஜைமேல் சுத்தமான பனியன் துணியை விரித்து, அதன்மேல் தட்டை வைத்து, பித்தளைச் சாமானுக்குக் கடைசி பாலீஷ் போடும் பசையைத் துளித் துளியாகத் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மிஷினில் கொடுக்கவில்லை, கையால்தான்.

"வட்டமாத் தேய்ச்சா கோடு விழுந்துரும். உள்ளிருந்து வெளிய, நேரா இழுக்கோணும்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. முக்கால் மணி நேரம் தேய்த்திருப்பார். ஆயிரக்கணக்கில் உருப்படி செய்து அனுப்பும்போதுகூட இவர் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை.

போட்டுப் பார்த்தோம். அம்மாள் கையைத் தூக்கினாள். நான் முருகா என்றேன். கை அசைந்தது. கப்பல் கிளம்பி மேலே போனது. மணல் பறந்து அடங்கியது. அவள் உள்ளே போய், அவன் சாப்பிட்ட தட்டை எடுத்து, கழுவாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். திரை இருட்டாகி எழுத்துகள் ஏறத் தொடங்கின.

இவர் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். நூறு நூறாகப் பெயர்கள் போயின. இத்தனை பேரா! இத்தனை அம்மாக்களா என்று நினைத்துக்கொண்டேன். திடீரென்று பழகிய எழுத்து. "அதாங்க!" என்றேன். ஓடிவிட்டது. இவர் பின்னால் ஓட்டி, மறுபடி விட்டு, நிறுத்தினார்.

என் பிள்ளையின் பெயர். காலண்டர் தாளில் நான் எழுதிய அதே வரிசை. ஆனால் அதை ஒட்டிப் பின்னால் இன்னொரு பெயர் நீளமாக இருந்தது. அது நான் எழுதிப் பழகாதது. வேறு யாருடைய பெயரையோ சேர்த்துப் போட்டுவிட்டார்களோ என்று பயந்துபோனேன்.

"அது யாருங்க, அவனுக்குப் பின்னால?"

இவர் எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றார். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார்.

"நாந்தான்" என்றார்.

அங்கே இனிஷியல் போடுவதில்லையாம். அப்பா பெயரை முழுசாகப் பின்னால் எழுதவேண்டுமாம். கல்யாணமான நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பெயர், அதனால் எழுதவும் பழகாத பெயர், நாலு வருஷமாக அவன் பெயரோடேயே அத்தனை தூரத்தில் இருந்திருக்கிறது. இவர் திரும்பவே இல்லை. முதுகைத்தான் பார்த்தேன்.

"அங்க இப்ப மணி என்ன இருக்கும்?" என்று கேட்டார்.

"சாயந்தரமுங்க. அங்க இன்னும் ஞாயித்துக்கெழமைதானுங்க."

என் போனை வாங்கி இவரே கூப்பிட்டார். அவன் போனில் என் பெயர் வந்திருக்கும், "அம்மா" என்றிருக்கிறான். "அப்பா பேசறேன்" என்றார் இவர். போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டு, "சாப்டியா?" என்றார்.

படம் எப்படி இருந்தது என்று அவன் கேட்டிருக்க வேண்டும். "கதை சுமாருதான். போல்ட்டெல்லாம் நல்லாப் போட்டிருக்கறே" என்றார். சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, நான் கேட்கிற கேள்வியையே கேட்டார். "எப்ப வாரே?"

பதிலை நான் கேட்கவில்லை, இவர் முகத்தில் பார்த்தேன். இந்தப் படம் முடியட்டும் என்றிருப்பான்.

டிவிடி இப்போது சாமி அலமாரியில் இருக்கிறது. பொட்டு அதன் பெட்டிக்குத்தான், தட்டுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இவரும் பேசுகிறார். போன் என் கைக்கு வர நேரமாகிறது. இவர் பட்டறையில் இருக்கும் மத்தியானங்களில் எப்போதாவது நான் அந்தப் படத்தைப் போடுவேன். பெயர் வரைக்கும் போவதும் உண்டு. பெரும்பாலும், அந்த அம்மாள் கையைத் தூக்கும்போதே நிறுத்திவிடுகிறேன். அந்த இடத்தில் பிள்ளை இன்னும் கப்பலில் ஏறவில்லை.