சாயத்தில் ஒரு பிரார்த்தனை நேரம்

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குச் சாயக்காரம்மா என்று பெயர். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயத்தில் நனைத்துக் கொடுப்பது வேலை. அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோய் உண்டா இல்லையா என்று சொல்வார். எத்தனையோ வருஷமாக இதே வேலை. முதுகு வலிதான் மிச்சம்.

சாயத்தில் எவ்வளவு நேரம் வைப்பது என்று பார்க்கச் சுவரில் கடிகாரம் உண்டு. அவள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சின்ன வயதில் மனப்பாடம் செய்த பிரார்த்தனை ஒன்றை வாய்க்குள் சொல்வாள்; முடிந்ததும் எடுத்தால் பதம் சரியாக இருக்கும். உங்கள் கடவுளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுங்களேன் என்று டாக்டரம்மா கிண்டலடிப்பார். வீட்டிலோ, கண்ணாடித் துண்டையே பார்த்துப் பார்த்து இவளுக்குப் பக்தி போய்விட்டது என்று அக்கா குறைப்படுவாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இரண்டு இடத்திலும் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. அதிலிருந்து எடுத்த சதை இவள் மேஜைக்கே வந்து சேர்ந்தது. வேறு யாராவது செய்யட்டும் என்று டாக்டரம்மா சொல்லியும் இவள் கேட்கவில்லை.

சாயத்தில் இறக்கிவிட்டுப் பிரார்த்தனையைத் தொடங்கினாள். முடிந்த பிறகும் நிறுத்த மனம் வரவில்லை. ஒன்றுமில்லை என்று வரட்டும், ஒன்றுமில்லை என்று வரட்டும் என்று கண்ணை மூடி மன்றாடிக்கொண்டே நின்றாள். வெட்டியெடுத்த சதை இனி யார் வேண்டினாலும் மாறாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் வேண்டினாள். கண்ணைத் திறந்தபோது சாயம் அளவுக்குமேல் ஏறி எல்லாம் கருநீலமாக அப்பிக்கிடந்தது.

"இதுல ஒண்ணுமே தெரியலையேம்மா" என்றார் டாக்டரம்மா. கைக்கடிகாரப் பேச்சை இந்த முறை எடுக்கவில்லை.

கால் கடுக்க நின்று இன்னொரு துண்டு சீவினாள். பிரார்த்தனையை ஒரே ஒரு தடவை, அதன் அளவோடு சொல்லி எடுத்தாள். வழக்கத்துக்கு மாறாகத் தானே முதலில் பார்த்தாள். நோய் பளிச்சென்று தெரிந்தது. பின்னால் வந்து பார்த்த டாக்டரம்மா அவள் தோளில் கை வைத்தார்.

சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போனாள். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"வேண்டிக்கிட்டியாடி?"

"வேண்டிக்கிட்டேன்க்கா."

"நல்லபடியா வரணும்னுதானே?"

"முதல்ல அப்படித்தான் வேண்டிக்கிட்டேன். ஒண்ணுமே தெரியாமப் போச்சு. அப்புறம், உள்ளது தெரிஞ்சா போதும்னு வேண்டிக்கிட்டேன்."

அக்கா குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"சரி. மிச்சத்தை நான் வேண்டிக்கிறேன்" என்றாள். "நீ நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வா."