எட்டாவது ஜோடிக் கயிறு

இது நடந்தது. நம்பாதவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. என் முதுகில் ஏழு கோடுகள் இருக்கின்றன. குளிக்கும்போது விரலுக்கு இன்றும் தட்டுப்படும். எட்டாவது கோடு என் முதுகில் இல்லை. அது எங்கே போனது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் உஷாராணி. குமாரபாளையத்தில் ஜாக்கெட் தைக்கிறேன். சிறு உதவி செய்கிறவர்களிடம் கடவுள் இருக்கிறார் என்று நம்பி வளர்ந்தவள். தாகம் என்று வருகிறவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர், ஊசியில் நூல் கோக்கத் தெரியாத பிள்ளைக்கு நூலைக் கோத்துக் கொடுப்பது... அவ்வளவுதான் என் பக்தி.

போன வருடம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மண்டபத்தில் காஸ்ப்ளே போட்டி அறிவித்தார்கள். கற்பனைப் பாத்திரம் ஒன்றின் உடையை நாமே செய்து, அணிந்து, அந்தப் பாத்திரமாகவே மேடையில் நிற்க வேண்டும். முதலிடம் வருபவருக்கு ஒரு நாடகக் குழுவின் உடைப் பிரிவில் வேலை. ஒன்பது வருடங்களாக ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்த எனக்கு, அந்த வேலையை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஆற்றைக் காக்கும் ஒரு பறவைப் பெண்ணைக் கற்பனை செய்தேன். ஃபோம் ஷீட்டைச் சூடுகாட்டி வளைத்து மார்புக் கவசம். பிளாஸ்டிக் குழாயில் சிறகுச் சட்டம். தலையை முழுக்க மூடும் அலகு வைத்த முகமூடி. கவசத்தை முதுகில் எட்டு ஜோடி நூல் கயிற்றால் கட்ட வேண்டும். கிளிப் வைத்தால் ஃபோம் கிழிந்துவிடும். அதில் ஒரு சிக்கல், தன் முதுகைத் தானே கட்டிக்கொள்ள முடியாது. இன்னொரு கை வேண்டும்.

அந்தக் கையாக வந்தவள் மோகனப்பிரியா. பள்ளியிலிருந்து என் தோழி. வெட்டின அளவுகளையெல்லாம் போனில் படம் எடுத்துக்கொள்வாள். "மறந்துடுவேன் புள்ள, அதான்" என்பாள். பதிவுப் படிவத்தைக்கூட அவளிடமே கொடுத்திருந்தேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் சனி, அமாவாசை. எங்கள் பக்கம் அமாவாசையன்று தறி ஓடாது. ஊரே அமைதியாக இருக்கும், ஒத்திகையை வீடியோ எடுக்க நல்ல நாள்.

"எங்க தாய்மாமன் ஆண்டியோட தறிப்பட்டறை மூணு வருசமா சும்மாதான் கெடக்கு. அங்கியே போட்டுப் பாரு" என்று சாவியைக் கொடுத்தாள் பிரியா.

"உனக்கு எதுக்குடி சிரமம்?"

"அட, போ புள்ள. சிறகை விரிச்சா உங்க ஊட்டுல செவுரு இடிக்கும். மத்தியானம் நான் வந்து கட்டி உடறேன்."

மனம் நிறைந்து போனது. அன்று காலை அவள் பேரிலும் ஒரு விளக்கு ஏற்றினேன்.

பகல் 11.40. பட்டறைக்குள் போய், வெளிச்சத்துக்கு டியூப்லைட்டைப் போட்டு, ஷட்டரை இறக்கினேன். தறிகளை விற்றுவிட்டார்கள். தரையில் அவை நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும். எதிரே ஸ்டாண்டில் போனைத் திரை அணையாதபடி வைத்தேன். கட்டி முடித்ததும் வீடியோவைப் பிரியா ஓடவிடுவாள்.

11.52. பிரியாவிடமிருந்து செய்தி. 'பத்து நிமிசத்துல வாரேன். முகமூடி போட்டு ரெடியா நில்லு.'

முகமூடிக்கு மேல்தான் கவசத்தின் கழுத்துப் பட்டை வரும். அதனால் முகமூடியை முதலில் போட்டாக வேண்டும். போட்டால் நேரே எதிரில் மட்டும்தான் தெரியும். நகம் வைத்த கையுறையால் போனைத் தொட முடியாது. காதில் ஹெட்செட் மாட்டி, அழைப்பு தானாக எடுக்கும்படி வைத்திருந்தேன். கவசத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

12.07. எதிரே போனில் நேரம் தெரிந்தது.

முதுகில் ஒரு கை பட்டது.

"வந்துட்டியாடி?"

"ம்ம்."

கழுத்துக்குக் கீழே முதல் ஜோடி இறுகியது. விரல்கள் சில்லென்று இருந்தன. வண்டியில் வந்தவளின் கை இப்படிக் குளிருமா என்று ஒரு நினைப்பு வந்தது. விட்டுவிட்டேன்.

சர்ர்... சர்ர்...

கயிற்றை முடிவது போல இல்லை. முறுக்குவது போல இருந்தது. இடையிடையே விரல் எதையோ தொட்டுக்கொண்டு வந்தது. அடுப்புச் சாம்பல் வாசனை. கூடவே தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாசனை. மூன்று வருடமாகத் தறி ஓடாத இடத்தில்.

"கொஞ்சம் லூசா கட்டு பிரியா. மூச்சு முட்டுது."

இன்னும் இறுகியது.

12.14. ஆறு ஜோடி முடிந்தது. அவள் இப்படி வாய் மூடி வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது...

ஷட்டர் தூக்கிய சத்தம் கேட்கவே இல்லை.

12.17. காதில் 'பீப்' என்றது. அழைப்பு எடுத்துக்கொண்டது.

"உஷா... திட்டாத புள்ள." பிரியாவின் குரல். பின்னணியில் மைக்கில் யாரோ பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். "நான் சேலத்துல இருக்கேன். நாளைக்குப் போட்டிக்குப் பதிவு இப்பத்தான் முடிஞ்சுது. ஃபார்ம்ல என் பேரப் போட்டுட்டேன். உன் அளவுலயே நானும் ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கேன். எனக்கும் இந்த வேலை வேணும் உஷா. நீ நல்லவ... மன்னிச்சுருவே."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

முதுகில் ஏழாவது ஜோடியைப் பிடித்திருந்த விரல்கள் நின்றன.

நானும் அசையவில்லை.

கண்ணீர்தான் முதலில் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

சேலத்தில் பிரியா.

அப்படியானால் இது...

சர்ர்ர்...

ஒரே இழுப்பு. ஃபோம் 'க்ரக்' என்றது. மூச்சு உள்ளே போகவில்லை.

"அர்த்தநாரீஸ்வரா..."

இன்னும் ஒரு இழுப்பு.

கண் இருட்டியது. எட்டாவது கயிற்றின் முனையை விரல்கள் தேடுவது தெரிந்தது.

அப்போது நான் ஒன்று சொன்னேன்.

"நான் இல்லீங்க... என்னைய உட்டுருங்க. ஏமாத்துனவ சேலத்துல இருக்கறா. மோகனப்பிரியா. இந்தப் பட்டறைக்கார ஆண்டியோட அக்கா மக."

விரல்கள் நின்றன.

காதருகே, முகமூடிக்கு வெளியே, மெதுவாக...

"ம்ம்."

கை விலகியது.

எப்படி ஷட்டரைத் தூக்கினேன் என்று தெரியாது. வெளியே சுட்டெரிக்கும் வெயில். எதிர் வீட்டுச் சௌந்திரம் அக்கா ஓடிவந்து முகமூடியைக் கழற்றினார். கத்தரியை எடுத்தவர் என் முதுகைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏஞ்சாமி... ஆரு இதைக் கட்டி உட்டது?"

ஏழு ஜோடியிலும் முடிச்சே இல்லை. தறியில் பழைய பாவு தீரும்போது புதுப் பாவின் நூல் முனைகளை ஒவ்வொன்றாக அதோடு சேர்ப்பார்கள். அதைப் பிணைப்பது என்போம். முடிச்சுப் போட மாட்டார்கள். சாம்பல் தொட்டு முறுக்குவார்கள். என் கயிறுகள் அப்படித்தான் முறுக்கப்பட்டிருந்தன. கவசமெங்கும் சாம்பல் விரல் தடம். எட்டாவது ஜோடி மட்டும் சும்மா தொங்கியது.

தண்ணீர் கொடுத்துவிட்டு அக்கா சொன்னார். அத்தாயி என்று ஒரு அம்மா அந்தப் பட்டறையில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தாராம். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு அமாவாசையன்று, அவசரம் என்று ஆண்டி அவரைக் கூப்பிட்டிருக்கிறார். அமாவாசையில் வேலை நடப்பது தெருவுக்குத் தெரியக்கூடாது என்று ஷட்டரை வெளியிலிருந்து பூட்டியிருக்கிறார்.

"மத்தியானம் வந்து தொறக்கறேன்னு சொல்லிட்டுப் போனவரு, அடுத்த நாள் காலையிலதான் வந்தாரு. உள்ள வெக்கையில மூச்சு முட்டி, அந்தம்மாவுக்கு ஒக்காந்த வாக்குலயே உசுரு போயிருந்துது. பாவு மொத்தமும் பிணைச்சு முடிச்சிருந்துது. அதுக்கப்புறமும் கை நிக்கல போல சாமி... தன் சேலை முந்தியில நூலைப் பிரிச்சு, அதையும் பாவோட சேத்து முறுக்கி வெச்சிருந்தாங்க."

"பிரியாவுக்கு இது தெரியுங்களா அக்கா?"

"அந்த ஊட்டுல அமாவாசை மத்தியானத்துல ஆரும் இந்தப் பக்கமே வரமாட்டாங்க கண்ணு. தெரியாம எப்படி?"

ஆகவே சாவியும் உதவி இல்லை. நான் மிரண்டு போட்டியை விட்டே ஓட வேண்டும், அதற்குள் அவள் சேலம் போய்ப் பதிந்துவர வேண்டும். அவ்வளவுதான். அன்று மாலை நான் விளக்கு ஏற்றவில்லை.

ஞாயிறு முழுக்கக் காய்ச்சலோடு வீட்டில் கிடந்தேன். வாசல்படி தாண்டவில்லை. அம்மா சாட்சி.

திங்கட்கிழமை தகவல் வந்தது. மேடையேறி மூன்றாவது நிமிடத்தில் பிரியா மயங்கி விழுந்திருக்கிறாள். விலா எலும்பு இரண்டில் விரிசல். மருத்துவமனைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

வெட்டி எடுத்த கயிறுகளை அவள் அம்மா ஒரு கவரில் போட்டு வைத்திருந்தார். பார்த்தேன். முடிச்சு இல்லை. முறுக்கு. சாம்பல். எண்ணினேன்.

எட்டு ஜோடி.

எட்டாவதில் கயிற்றோடு சேர்த்து வேறு ஒன்றும் முறுக்கப்பட்டிருந்தது. கறுப்பாக, ஒரு சாண் நீளத்துக்கு... பிரியாவின் பின்னல் நுனி.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நேத்து மண்டபத்து ரூம்ல தனியா முகமூடியோட நின்னுட்டிருந்தேன். கட்டி உட ஆளில்ல. பன்னெண்டு ஏழுக்கு நீ வந்தே. ஒரு வார்த்தை பேசல. உன் வேலையையே புடுங்கிட்டேன், அப்பவும் வந்து கட்டி உட்டியேன்னு உள்ளேயே அழுதேன் புள்ள. என்னை மன்னிச்சுட்டேதானே? அது நீதானே உஷா?"

அவள் கண்ணைப் பார்த்தேன். அவள் பெயரையும் உறவையும் அந்தக் கைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது என் வாய்தான்.

"ம்ம்" என்றேன்.